மாலை வகுப்பு தொடங்குகிறீர்களா? வீட்டுப்பாடத்தை ஓரமாக வையுங்கள்

கேட்கப்பட்ட கேள்வி இது: "எங்கள் ஊர் திண்டிவனம் பக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் படிக்கிற பிள்ளைகளில் பாதிப்பேர் செங்கல் சூளை, கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். கல்லூரி முடித்த நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மாலையில் இலவச டியூஷன் எடுக்கலாம் என்று இருக்கிறோம். உண்மையிலேயே பயன் இருக்குமா? எப்படித் தொடங்குவது?"

பயன் இருக்கும். ஆனால் டியூஷனாக நடத்தினால் பெரிதாக இருக்காது. நல்ல மனசோடு தொடங்குகிற பல மாலை வகுப்புகள் இந்த இடத்தில்தான் தடம் மாறுகின்றன என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டியூஷன் என்றால் என்ன நடக்கும்? பிள்ளைகள் பையோடு வந்து உட்காருவார்கள். வீட்டுப்பாடத்தை எடு என்போம். முடித்ததும் சரி பார்ப்போம். நாளைக்குப் பரீட்சை என்றால் கேள்வி பதிலை ஒப்பிக்க வைப்போம். நான்காம் வகுப்புப் பிள்ளையால் நான்காம் வகுப்புப் புத்தகத்தைப் படிக்க முடியும் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவும் ஓடும். நீங்கள் சொல்கிற பிள்ளைகளில் பலருக்கு அந்த நம்பிக்கை பொருந்தாது. 'பார்த்து எழுதுவான், படிக்க மாட்டான்' என்று ஆசிரியர்கள் சொல்வார்கள், கேட்டிருப்பீர்கள். கரும்பலகையில் இருப்பதை முத்து முத்தாக நோட்டில் இறக்கிவிடுவான். அதில் ஒரு சொல்லைத் தொட்டு இது என்ன என்று கேட்டால் உங்கள் முகத்தைப் பார்ப்பான். அவனுக்கு அது எழுத்து அல்ல, கோடு. அப்படிப்பட்டவனை உட்கார வைத்து வீட்டுப்பாடத்தை முடிக்க வைத்தால் அவனுடைய டைரி சுத்தமாகும், ஆசிரியரிடம் திட்டு குறையும். படிப்பு அங்கேயேதான் நிற்கும்.

அதனால் முதல் வாரம் எதையும் கற்றுக்கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, எதுவரை தெரியும் என்று பாருங்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம், கிராமத்துப் பிள்ளைகளின் படிப்பு நிலையை அறிய 2005 முதல் நாடு முழுக்க எடுக்கிற அசர் கணக்கெடுப்பில் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். ஒரே தாளில் தனி எழுத்துகள், சின்னச் சொற்கள், நாலு வரிப் பத்தி, கொஞ்சம் நீளமான கதை. முதலில் பத்தியைக் கொடுத்துப் பார்ப்பது, வந்தால் கதைக்குப் போவது, வராவிட்டால் சொல்லுக்கும் எழுத்துக்கும் இறங்குவது. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். ஒரு எச்சரிக்கை: பள்ளிப் புத்தகத்தைக் கொடுத்துச் சோதிக்காதீர்கள். அது மனப்பாடம். பாடத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு கடகடவென்று 'படிக்கிற' பிள்ளையின் விரலைக் கவனியுங்கள். விரல் முதல் வரியின் நடுவில் நிற்கும், வாய் இரண்டாம் வரிக்குப் போயிருக்கும். படத்தைக் கையால் மறைத்துவிட்டு, பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால் விஷயம் தெரிந்துவிடும்.

இப்படிப் பார்த்து முடித்ததும் வகுப்பு வாரியாகப் பிரிக்காமல் தெரிந்த அளவை வைத்துப் பிரியுங்கள். எழுத்தே பிடிபடாதவர்கள் ஒரு பக்கம், எழுத்து தெரிந்தும் கூட்டிச் சொல்லாக வாசிக்க வராதவர்கள் ஒரு பக்கம், தட்டுத் தடுமாறி வரி படிப்பவர்கள் ஒரு பக்கம். ஐந்தாம் வகுப்புப் பையன் இரண்டாம் வகுப்புப் பெண்ணோடு உட்கார வேண்டி வரும். வெட்கப்படுவான். குழுவுக்கு மயில், கிளி என்று பெயர் வைத்து மறைக்கப் பார்ப்பார்கள், பிள்ளைகளிடம் அது செல்லாது. எது மக்குக் குழு என்று இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கு ஒரே மருந்து, மாதத்துக்கு ஒரு முறை மறுபடி சோதித்து ஆட்களை நகர்த்துவதுதான். நகர முடியும் என்று தெரிந்த குழுவில் உட்காருவது அவ்வளவு அவமானமாகத் தெரியாது.

இப்படிச் செய்தால் பலன் உண்டு என்பது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. மும்பையிலும் வதோதராவிலும் 2000-களின் தொடக்கத்தில் பிரதம் 'பால்சகி' என்று ஒரு திட்டம் நடத்தியது. பின்தங்கிய பிள்ளைகளை வகுப்பிலிருந்து தினம் இரண்டு மணி நேரம் பிரித்து எடுத்து, அதே பகுதியில் பள்ளிப் படிப்பு முடித்த ஒரு பெண்ணிடம் விடுவார்கள். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த பயிற்சி இரண்டு வாரம்தான், சம்பளமும் சொற்பம். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் மற்றவர்களோடு சேர்ந்து அதை ஆராய்ந்தார்கள். மதிப்பெண் தெளிவாக உயர்ந்தது, அதுவும் அடிமட்டத்தில் இருந்த பிள்ளைகளுக்கு. இதில் எனக்குப் பிடித்த தகவல் வேறு. பின்தங்கியவர்கள் வெளியே போனதால் வகுப்பில் கூட்டம் குறைந்ததே, அங்கே மிச்சம் இருந்த பிள்ளைகளிடம் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. கூட்டம் குறைந்ததால் வந்த பலன் அல்ல அது என்று ஆகிறது. பிள்ளை நிற்கிற இடத்துக்கு யாரோ இறங்கிப் போனதால் வந்தது.

நம் ஊர்க் கதை உங்களுக்கு இன்னும் பக்கம். கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. அதற்குச் சில நாள் முன்னால், அக்டோபர் 27-ல், உங்கள் மாவட்டத்தில் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில்தான் தமிழ்நாடு அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. மாலை ஐந்து மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம் போல, குடியிருப்புக்குள்ளேயே வகுப்பு. இருபது பிள்ளைக்கு ஒரு தன்னார்வலர், மாதம் 1,000 ரூபாய். தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தால் போதும். முதலில் 12 மாவட்டங்களில் பார்த்துவிட்டு மாநிலம் முழுக்கக் கொண்டு போனார்கள். உச்சத்தில் சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். பிறகு அளவு குறைந்தது.

அந்தக் காலத்தைப் பற்றி அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு உண்டு. பள்ளி மூடியிருந்ததால் ஏற்பட்ட பின்னடைவில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் சரியாகிவிட்டது என்கிறது அது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு அது கூடுதலாகவே உதவியது என்றும் சொல்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு அக்கா, ஒரு திண்ணை, ஒரு கரும்பலகை. இவ்வளவுதான் முதலீடு. நீங்கள் பட்டதாரிகள் என்பதால் மட்டும் அவர்களைவிட நன்றாக நடத்திவிடுவீர்கள் என்று நினைக்க வேண்டாம்.

சரி, என்ன சொல்லிக் கொடுப்பது? தமிழ் வாசிப்பு, கணக்கு. இந்த இரண்டும் போதும். ஆங்கிலம் வேண்டும் என்று பெற்றோர் கேட்பார்கள். தமிழே எழுத்துக்கூட்ட வராத பிள்ளைக்கு ஆங்கிலத்தையும் சேர்த்துக் கொட்டினால் இரண்டும் கலங்கும். கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லுங்கள்.

வாசிப்பை அ, ஆ-வில் தொடங்கி 247-ஐயும் வரிசையாக முடித்துவிட்டுச் சொல்லுக்கு வரலாம் என்று போகாதீர்கள். பிள்ளை பாதியிலேயே ஓடிவிடும். ட, ப, ம, ய என்ற நான்கோடு புள்ளியைச் சேர்த்தாலே படம், மடம், பயம், பட்டம், மட்டம் வந்துவிடுகின்றன. முதல் நாளே முழுச் சொல் ஒன்றை வாசித்துவிட்டு வீட்டுக்குப் போகிற பிள்ளை மறுநாள் வரும். அடுத்து கால், கொக்கி என்று உயிர்க்குறிகளை ஒன்றொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். சிக்கல் வருகிற இடங்களை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, கொம்பு. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்கின்றன, ஒலி பின்னால் வருகிறது. 'கொ'வில் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. பிள்ளை 'கெகா' என்று வாசித்துவிட்டு விழிப்பது இதனால்தான். இன்னொன்று உகரம். கு, சு, து, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளைகிறது. ஒரு விதி சொல்லி முடிக்க முடியாது, தினம் கண்ணில் பட வேண்டும். இந்த இரண்டு இடத்திலும் அவசரப்படாமல் வாரக் கணக்கில் நில்லுங்கள். இங்கே தங்கிப் போனவன் அப்புறம் வேகமாக ஓடுவான்.

பேச்சை மட்டும் திருத்தாதீர்கள். 'இலை' என்று எழுதியிருப்பதை 'எல' என்று வாசித்தால் அவன் சரியாகத்தான் வாசித்திருக்கிறான், புரிந்தும் இருக்கிறது. 'எல இல்லடா, இலை' என்று எல்லார் முன்னாலும் தலையில் குட்டு வைத்தால் அதோடு வாயை மூடிக்கொள்வான். முடிகிற நேரத்தில் தினமும் பத்து நிமிடம் நீங்கள் ஒரு கதையைச் சத்தமாக, ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் யாரும் படித்துக் காட்டியிராத பிள்ளைக்கு, புத்தகம் என்பது கேள்வி பதில் தவிர வேறொன்றாகவும் இருக்கும் என்று தெரிவது அப்போதுதான்.

கணக்கில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் 52-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். பலர் 45 என்று எழுதுவார்கள். இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து. ஐந்தில் ஒன்று போக நான்கு. கவனக்குறைவு இல்லை இது. சின்னதைப் பெரியதிலிருந்து கழிக்க வேண்டும் என்று அவனாக ஒரு விதி வைத்திருக்கிறான், அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறான். சிவப்பு மையில் தப்பு போட்டு, 'கடன் வாங்கு' என்று நூறு தடவை சொன்னாலும் அந்த விதி போகாது. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக நூலால் கட்டிக் கொடுங்கள். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. இதிலிருந்து 17 குச்சி எடுத்துக் கொடு என்றால் ஒரு கட்டை அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். அவிழ்த்த கைக்குக் கடன் வாங்குவது என்னவென்று அதன் பிறகு சொல்லத் தேவையில்லை. இதே பிள்ளை கடைக்குப் போய் ஐம்பது ரூபாய் கொடுத்து மீதியைச் சரியாக எண்ணி வாங்கி வருவான். தாளில் வரும்போதுதான் தடுமாறுகிறான்.

இனி, யார் வருவார்கள்? வீட்டில் கொஞ்சம் படித்தவர்கள் இருக்கிற, ஏற்கெனவே ஓரளவு படிக்கிற பிள்ளைகள் முதலில் வருவார்கள். உங்களுக்கும் அவர்களோடு வேலை செய்வது சுகமாக இருக்கும். மிகத் தேவைப்படுகிறவர்கள் வர மாட்டார்கள். உத்தரப்பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு வகுப்புகள் நடத்தினார்கள். எழுத்தே தெரியாமல் வந்த பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள். ஆனால் அந்தக் கிராமங்களின் பிள்ளைகளில் வகுப்புக்கு வந்தது 8 சதவீதம் பேர்தான். வகுப்பு நல்லது என்பது மட்டும் பிள்ளையைக் கொண்டு வராது.

அதனால் இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். கோயில் மண்டபத்திலோ ஊர்த்தெருவில் பெரியவர் ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ வகுப்பு வைத்தால் காலனிப் பிள்ளைகள் வர மாட்டார்கள், வந்தாலும் ஓரமாக நிற்பார்கள். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள், 'எல்லாரும் வரலாம்' என்றுகூட அறிவித்திருப்பீர்கள். அந்தப் படியில் ஏறி உட்காரலாமா கூடாதா என்பது அங்கே ஆறு வயசுப் பிள்ளைக்கும் தெரியும். காலனியிலேயே வையுங்கள். இருளர் குடியிருப்பு தனியாக, ஏரிக்கரைப் பக்கம் இருந்தால் அங்கே தனியாக ஒன்று. ஒரே இடத்தில்தான் முடியும் என்றால் பள்ளிக்கூடம்தான் பொது இடம். சொல்லிக் கொடுக்கிறவர்களில் அந்தந்தத் தெருவைச் சேர்ந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். உங்கள் ஏழெட்டுப் பேரும் ஒரே தெருக்காரர்களாக இருந்தால் தொடங்கும் முன் அதைச் சரி செய்யுங்கள்.

இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு வருகிற பெண் பிள்ளையைத் திருப்பி அனுப்பாதீர்கள். அம்மா வேலையிலிருந்து வரும்வரை தம்பி அவள் பொறுப்பு. அவனுக்கும் ஒரு ஓரத்தில் நாலு புளியங்கொட்டை கொடுத்து உட்கார வைத்தால் அவள் வருவாள், இல்லாவிட்டால் படிப்பு அவ்வளவுதான். இரண்டு நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு மூன்றாம் நாள் யாராவது போய்ப் பார்ப்பது என்று ஒரு ஏற்பாடு இருக்கட்டும்.

அப்புறம் சாப்பாடு. 2022-ல் மதுரையில் தொடங்கி அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவு வந்துவிட்டது, மதியம் சத்துணவு ஏற்கெனவே உண்டு. ஆனால் மதியம் சாப்பிட்ட பிள்ளை ஐந்து மணிக்கு உங்களிடம் வரும்போது வயிறு காலி, ராத்திரிச் சோறு எட்டு மணிக்கு. கொட்டாவி விடுகிற பிள்ளைக்குப் படிப்பில் ஆர்வம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். தலைக்கு 30 கிராம் கொண்டைக்கடலை என்றால் இருபது பேருக்கு 600 கிராம். கிலோ நூறு ரூபாய் என்று வைத்தாலும் நாளுக்கு அறுபது ரூபாய். ஊரில் பிறந்தநாள், திதி என்று யாராவது ஒரு நாள் செலவை ஏற்றுக்கொள்வார்கள். பிஸ்கட் பாக்கெட் வேண்டாம், சுண்டல் போடுங்கள். வகுப்பு முடிந்ததும் கொடுக்காமல் வந்தவுடனே கொடுத்துவிடுங்கள்.

இலவசமாகச் செய்கிறோம் என்கிறீர்களே, அதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம். முதல் இரண்டு மாதம் உற்சாகத்தில் ஓடும். பிறகு ஒருவருக்குச் சென்னையில் வேலை கிடைக்கும், ஒருவருக்குக் கல்யாணம் ஆகும், ஒருவர் போட்டித் தேர்வுக்கு உட்காருவார். வெளியூர் போகாத, ஊரிலேயே இருக்கிற ஒரு பெண்ணை மையத்துக்குப் பொறுப்பாக வைத்து, வேலைக்குப் போய்விட்ட நீங்கள் பங்கு போட்டு அவருக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுங்கள். அரசு கொடுத்த ஆயிரத்தைவிடக் கூடுதலாகக் கொடுக்க முடிந்தால் நல்லது. ஒரு மையத்துக்கு எப்போதும் இரண்டு பேர் இருக்கட்டும். ஒருவர் வராத நாளில் பூட்டிக் கிடக்கிற வகுப்புக்குப் பிள்ளைகள் மறுபடி வருவது கஷ்டம்.

இரண்டு பேர் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக, மூடிய அறையில் இருக்கக் கூடாது. கதவு திறந்திருக்க வேண்டும், அல்லது கதவே இல்லாத இடமாக இருக்க வேண்டும். அடிக்கக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்து, அது எதற்கு என்று பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். கார்த்திகை மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். அந்த மாதங்களில் வகுப்பை முன்னால் இழுத்து, பெண் பிள்ளைகளைக் கூட்டமாக வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். பருவமழையில் திறந்த திண்ணை உதவாது, மாற்று இடம் ஒன்றைப் புரட்டாசியிலேயே பேசி வையுங்கள்.

பள்ளிக்குச் சொல்லாமல் தொடங்காதீர்கள். தலைமை ஆசிரியரைப் பார்த்து, 'பள்ளியில் சரியாகச் சொல்லிக் கொடுப்பதில்லை, அதனால் நாங்கள் செய்கிறோம்' என்ற தொனியே வராமல் பேசுங்கள். ஐந்து வகுப்பை இரண்டு ஆசிரியர் வைத்துச் சமாளிக்கிற பள்ளிகளில் அவர்களால் அடிமட்டத்துக்கு இறங்க நேரம் இருப்பதில்லை, சோம்பேறித்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளிக் கட்டடம் வேண்டும் என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். அவர்களில் நாலு பேர் உங்கள் பக்கம் நின்றால் வேலை நடக்கும்.

கடைசியாக, சூளைக் குடும்பங்கள். பொங்கல் முடிந்ததும் பலர் பிள்ளைகளோடு கிளம்பிவிடுவார்கள், மழை தொடங்கும் வரை சூளைதான் வீடு. உங்கள் வகுப்பில் அரை வருடம் உட்கார்ந்து கொம்பு எழுத்துவரை வந்தவன், திரும்பும்போது பழைய இடத்தில் நிற்பான். கிளம்பும் முன் எந்தச் சூளை, எந்த ஊர் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்துப் பள்ளியில் வருடத்தின் நடுவிலும் சேர்க்க வேண்டும், மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று சொல்லி மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. இதைப் பெற்றோரிடம் சொல்லி, முடிந்தால் அந்தப் பள்ளிக்கு நீங்களே போன் செய்யுங்கள். பிள்ளை எந்தக் குழுவில் இருந்தான், அடுத்து என்ன படிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, இரண்டு கதைப் புத்தகத்தோடு பையில் வைத்து அனுப்புங்கள். சூளை உங்கள் ஊரிலிருந்து பக்கம்தான், பத்துப் பிள்ளைகளுக்கு மேல் அங்கே இருக்கிறார்கள் என்றால் பிப்ரவரி முதல் ஒரு குழுவை அங்கேயே மாற்றிவிடுங்கள். முதலாளியிடம் அனுமதி கேட்க மேலாண்மைக் குழுத் தலைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.